மேல்வீட்டுப் பாஷை

மற்றப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் பனியில் இழுக்கும் சறுக்குவண்டிக்கும் பொறாமைப்பட்ட வயதில் நான் ஏச்சுக்குப் பொறாமைப்பட்டேன். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்த வீட்டில் ஒரு தாய் தன் மகளை ஓயாமல் ஏசிக்கொண்டிருப்பார். காலுறையைக் கழற்றிய இடத்திலேயே போட்டதற்கு ஏச்சு, பாலை மிச்சம் விட்டதற்கு ஏச்சு, தலை வாரக் கூப்பிட்டால் ஓடியதற்கு ஏச்சு. என்ன சொல்லி ஏசுகிறார் என்பது டென்மார்க்கின் ஹேர்னிங்கில் வேறு ஒருவருக்கும் விளங்காது. ஊர் முழுவதிலும் அந்தப் பாஷை பேசிய வீடு அது ஒன்றுதான். கீழே எங்கள் சமையலறையில் தனியே இருந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டு நான் முகட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை ஏச வீட்டில் ஒருவரும் இல்லை.

அப்பா ஏசத் தெரியாதவர். நெசவு ஆலையில் முறைமாறி வேலை செய்துவிட்டுக் கண் சிவந்து வருவார். நான் எதைக் கொட்டினாலும் எதை உடைத்தாலும், "பறவாயில்லை பிள்ளை" என்று சொல்லித் தானே துடைப்பார். அந்தப் பறவாயில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். சண்டையில் எங்கள் வீட்டின்மேல் விழுந்த செல் குண்டு அம்மாவின் வலது காலைக் கிழித்திருந்தது. நடக்க முடியாதவரைக் கூட்டிக்கொண்டு வள்ளமும் விமானமும் ரயிலுமாக நாடு நாடாக ஓட முடியாது என்று, அப்பா என்னை மட்டும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். கால் ஆறியதும் அம்மாவை முறைப்படி எடுப்பிப்பது என்பது ஏற்பாடு. கால் ஆறிவிட்டது. டென்மார்க்கில் அப்பா கொடுத்த விண்ணப்பம்தான் இருந்த இடத்தில் இருந்தது. தமிழர்கள் குடும்பத்தை அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களையெல்லாம் அப்படியே போட்டு வைக்கும்படி நீதியமைச்சர் சொல்லியிருந்தார் என்பது பிறகு வெளியே வந்து, விசாரணை நடந்து, அரசாங்கமே கவிழ்ந்தது. அதை நான் வளர்ந்தபின் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே படித்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் அண்ணைமார் தேநீர் குடித்துக்கொண்டு கதைத்த ஒரே கதைதான்.

"பைல் இன்னும் நகரேல்லையாம்."

பைல் என்பது ஏதோ சோம்பேறிப் பிராணி என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன்.

மேல்வீட்டுக்காரரும் அப்பாவும் ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்தப் பிள்ளை தனியே இருக்கிறதே என்று அவர் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அந்த அம்மாவே இறங்கி வந்து கதவைத் தட்டி, கையோடு என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். தன்னை மாசி என்று கூப்பிடச் சொன்னார். அவர்கள் பாஷையில் அது தாயின் சகோதரி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் ஊரில் மாசி என்றால் சம்பலுக்குள் இடித்துப்போடும் காய்ந்த மீன். அம்மாவுக்கு எழுதும்போது, பிள்ளையை மாசி பார்த்துக்கொள்கிறது என்று எழுதினால் அவள் என்ன நினைப்பாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தப் பாஷைக்குக் கச்சி என்று பெயர். இந்தியாவின் மேற்கு மூலையில், உப்புவெளியும் கடலும் சேருகிற கட்ச் என்ற இடத்துப் பாஷை. பக்கத்திலே இருக்கும் குஜராத்திக்காரருக்கே சரியாக விளங்காதாம். மாசி கட்ச்சைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பிறந்து வளர்ந்தது உகண்டாவில். அங்கே கடை வைத்து நன்றாக இருந்தவர்களை, அந்த நாட்டு அதிபர் ஒருநாள் எல்லோரையும் போகச் சொல்லிவிட்டார். உறவு முழுக்க இங்கிலாந்துக்குப் போய் லெஸ்டரில் குடியேறியது. மாசியின் கணவருக்கு நெஞ்சில் காசநோய் இருந்ததால் அவரை டென்மார்க்தான் ஏற்றது. அதனால், லெஸ்டரில் தெருவில் இறங்கினாலே காதில் விழும் பாஷை, ஹேர்னிங்கில் எங்கள் முகட்டுக்கு மேலே மூன்று பேருக்குள் அடைபட்டுக் கிடந்தது.

மூன்று பேர் என்றால், பேசியது இரண்டு பேர். கணவர் வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. மகள் கச்சியில் வாயே திறக்கமாட்டாள். மாசி கச்சியில் கேட்பதற்கெல்லாம் டேனிஷில்தான் பதில் வரும். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். இங்கேயே பிறந்தவள். தாய் கூப்பிட்டால் தெருவில் கேட்காததுபோல நடப்பாள். தலை வார அழைத்தால் குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொள்வாள். எனக்கு வயிறு பற்றி எரியும். தாய் இருக்கிறார், சீப்பு வைத்திருக்கிறார், எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு கூப்பிடவும் செய்கிறார். இவள் ஓடுகிறாள். கடவுள் பங்கு பிரித்த லட்சணத்தைப் பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவள் அப்படி ஓடியபோது நான் போய் மாசியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் ஊற்றிய எண்ணெய் வீணாகக்கூடாது என்றுதான் மாசி என் தலையில் தேய்த்திருக்க வேண்டும். தேய்த்துக்கொண்டே கச்சியில் ஏதோ முணுமுணுத்தார். சிக்கெடுக்கும்போது நான் தலையை இழுக்க, சுள்ளென்று ஒரு சொல் சொல்லி மண்டையில் குட்டினார். அது ஏச்சுத்தான், சந்தேகமில்லை. எனக்கே எனக்கான ஏச்சு. அன்று கீழே இறங்கும்போது எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அன்றுதான் முடிவு செய்தேன். அவள் வேண்டாம் என்று போடுகிற பாஷையை நான் எடுத்துக்கொள்வது.

பழகுவது சுலபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் டேனிஷைப் புத்தகம் வைத்துச் சொல்லித் தந்தார்கள், படம் போட்டு, கீழே சொல் எழுதி. கச்சிக்குப் புத்தகம் உண்டா என்று மாசியைக் கேட்டேன். வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது என்றார். லெஸ்டரில் இருக்கும் தங்கைக்கு அவர் எழுதுவதெல்லாம் குஜராத்தியில். தங்கையோடு பேசுவது கச்சியில். ஏன் கச்சியிலேயே எழுதினால் என்ன என்று கேட்டேன்.

"எழுதுவதற்குக் குஜராத்தி இருக்கிறது. கச்சி ஏசுவதற்கும் கொஞ்சுவதற்கும்" என்று மாசி டேனிஷில் சொன்னார்.

ஆகவே அதை ஆளிடம் இருந்துதான் பழகவேண்டும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அவர் வாயைப் பார்த்து. மாசி ரொட்டி தட்டும்போது நான் மாவு எடுத்துக் கொடுப்பேன். அவர் கேட்டது தண்ணீரா மாவா என்று கையைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். "ஹெடா அச்" என்றால் இங்கே வா. அதுதான் நான் முதலில் பிடித்த சொல். அந்த வீட்டில் அதிகம் சொல்லப்பட்டதும், அவருடைய மகளால் அதிகம் கவனிக்கப்படாததும் அதுதான். அவள் காதில் விழாத ஒவ்வொரு "ஹெடா அச்"சுக்கும் நான் எழுந்து போய் நின்றேன். விடைபெறும்போது அவர்கள் "அச்ஜோ" என்பார்கள். வாருங்கள் என்று அர்த்தம். போகிறவரைப் பார்த்து வா என்பது எனக்கு வேடிக்கையாக இல்லை. நாங்களும் போய்வாறன் என்றுதானே சொல்கிறோம்.

ஒரு குளிர்காலம் போய் மறு குளிர்காலம் வருவதற்குள் எனக்குக் கச்சி கொட்டியது. கொஞ்ச, கெஞ்ச, பொய்க்கோபம் காட்ட, தொணதொணக்க எல்லாம் கச்சியில் வந்தது. இன்று யோசித்தால் காரணம் தெரிகிறது. அப்பாவின் தமிழ் வேலைக்கு ஓடுகிற மனிதனின் தமிழ். சாப்பிட்டியோ, கதவைப் பூட்டு, நேரத்துக்குப் படு, பறவாயில்லை பிள்ளை. இதற்குமேல் அவருக்கு நேரம் இருக்கவில்லை. சிணுங்குவதற்கு எனக்குத் தமிழ் தேவைப்படவே இல்லை. சிணுங்கினால் கேட்க ஆள் இருந்தது மேல்வீட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லெஸ்டரில் இருந்து மாசியின் தங்கை தொலைபேசி எடுப்பார். வழக்கமாக மகளைப் பேசச் சொல்லி மாசி கெஞ்சுவார். அவள் ரிசீவரைக் காதில் வைத்து டேனிஷில் ஹலோ சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஒரு ஞாயிறு மாசி என்னைக் கூப்பிட்டார். நான் வாங்கிக் கச்சியில் நலம் விசாரித்து, இங்கே பனி, அங்கே எப்படி, எப்போது வருவீர்கள், வரும்போது கம்பு மாவு கொண்டுவாருங்கள் என்று பெரிய மனுசி மாதிரிப் பொழிந்தேன். அந்தப் பக்கம் தங்கை கூவி வீட்டாரையெல்லாம் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ஒவ்வொருவராக வாங்கி என்னோடு பேசினார்கள். மாசி என் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் ஓரக்கண்ணால் அவருடைய மகளைப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. உலகத்தில் பொறாமைப்படுவதற்கு மட்டுமே பிறந்தவள் நான் என்று நினைத்திருந்தவளுக்கு, மற்றவரைப் பொறாமைப்பட வைக்கவும் முடியும் என்று தெரிந்த நாள் அது. அந்த ருசியை என்னால் மறைக்க முடியவில்லை.

மறுநாள் படிக்கட்டில் அவள் என்னை வழிமறித்தாள்.

"அவ என்னுடைய அம்மா. உனக்கு வேண்டுமென்றால் உன்னுடையதை வரச் சொல்" என்றாள் டேனிஷில்.

அன்று பின்னேரம் மாசி எண்ணெயோடு கூப்பிட்டபோது அவள் எனக்கு முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள். வாழ்நாளில் முதல் தடவை. மாசிக்கு நம்பமுடியவில்லை. இதற்கு என்ன காரணம் என்று அவருக்குத் தெரியாது. கடவுளுக்குப் பூ வைத்தார். நான் பின்னால் நின்று, என் முறை வரும்வரை அவளுடைய பின்னந்தலையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பைல் நகர்ந்தது. எப்படி நகர்ந்தது, யார் கேள்வி கேட்டார்கள் என்பதெல்லாம் பெரியவர்கள் விஷயம். ஒரு வசந்தகாலத்து நாள் அப்பா கார் இரவல் வாங்கி என்னையும் ஏற்றிக்கொண்டு பிலுண்ட் விமான நிலையத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு திறக்கத் திறக்க வெள்ளைக்காரராக வந்தார்கள். கடைசியில் ஒரு சிறிய பெண்மணி காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். நான் ஞாபகம் வைத்திருந்த அம்மா உயரமானவர். அந்த அம்மாவோடு அண்ணாந்து பார்த்துத்தான் பேசவேண்டும். இவர் என்னைக் கட்டிப்பிடித்தபோது அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. என்ர குஞ்சு, என்ர குஞ்சு என்று அழுதார். நான் சுற்றியுள்ளவர்கள் பார்க்கிறார்களே என்று கூசிப்போய் நின்றேன்.

அம்மாவின் தமிழ் நீளமாக இருந்தது. ஒரு வசனத்துக்குள் பல கேள்வி இருக்கும். நான் ஓம் என்பேன், இல்லை என்பேன். சிலவேளை டேனிஷில் என்ன என்று கேட்பேன். அதற்கு அவர் முகம் வாடுவதைக் கண்டு அப்பா இடையில் புகுந்து பதில் சொல்வார். அப்பா அம்மாவுக்கு வீட்டைக் காட்டினார். இடதுபக்கம் திருப்பினால் சுடுதண்ணீர், வலதுபக்கம் குளிர். அம்மா கிணற்றில் அள்ளிப் பழகியவர். ஒரு கிண்ணம் நிறைந்ததும் குழாயைப் பூட்டிவிடுவார். சட்டி கழுவும்போதுகூட ஓடவிடமாட்டார். தண்ணீரை வீணாக்கினால் எனக்கும் ஏச்சு விழும். இத்தனை காலம் ஆசைப்பட்ட ஏச்சு. ஆனால் அது வந்து சேர்ந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவர் என்னை எப்படி ஏசலாம் என்று கோபம்தான் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் வழக்கம்போல மேலே ஓடினேன். மாசியின் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். படிக்கட்டு வழியே நான் கத்துவதும் சிரிப்பதும் கீழே கேட்டிருக்கும். ஒருநாள் இறங்கி வந்தபோது அம்மா பிட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்து, மேசையில் எனக்குச் சாப்பாட்டுக் கோப்பை போட்டுக் காத்திருந்தார். மேலே சாப்பிட்டுவிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அதற்குத் தமிழில் பெயர் தெரியவில்லை என்றேன். அம்மா என் கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தனியே இருந்து சாப்பிட்டார். நான் தொலைக்காட்சியைப் போட்டேன்.

சில கிழமைகளில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பல்வலி என்று பள்ளிக்கூடத்தில் இருந்து நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். வீடு பூட்டியிருந்தது. மாசியின் வாசலில் அம்மாவின் செருப்பு. எட்டிப் பார்த்தேன். சமையலறை மேசையில் இருவரும் முகத்தோடு முகம் பார்த்து இருந்தார்கள். நான் இருக்கும் கதிரையில் அம்மா. மாசி ஏதோ சொல்ல, அம்மா சிரித்தார். என்னோடு அப்படிச் சிரித்ததில்லை. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

யார்மேல் பொறாமைப்படுவது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. என் மாசியை அம்மா எடுத்துக்கொண்டார் என்று ஒரு எரிச்சல். கேட்டால் வெட்கக்கேடு, என் அம்மாவை மாசி எடுத்துக்கொண்டார் என்று இன்னொரு எரிச்சல். தினமும் காலையில், நான் போனதும், அம்மா காலை இழுத்துக்கொண்டு மேலே ஏறுகிறார் என்று மாசியின் மகள் சொன்னாள். அவளும் எரிந்துகொண்டிருந்தாள். முதலில் நீ, இப்போது உன் அம்மா என்றாள். என்னதான் பேசுகிறீர்கள் என்று மாசியைக் குடைந்தேன். சமையல் பழக வருகிறார் என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிட்டும் இடியப்பமும் சோறும்தான் தொடர்ந்து வந்தன. மாசியின் கறி ஒன்றுகூட எங்கள் அடுப்பில் ஏறவில்லை.

அந்தக் குளிர்காலம் எனக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆளையே அடித்துப்போடுகிற காய்ச்சல். அப்பா வேலையில். பகல் முழுக்க அம்மா ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறார். எனக்கு ஒன்றும் தெளிவாக நினைவில்லை. மத்தியானம் கடந்து மாசி என் கட்டில் பக்கத்தில் நின்றதும், அவருக்குப் பின்னால் மகள் நின்றதும் கனவு மாதிரி நினைவிருக்கிறது. அம்மாதான் மேலே ஏறிப் போய்க் கூட்டிவந்திருந்தார். நான் பிதற்றிக்கொண்டிருந்தேனாம். மாசி குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்து அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அம்மா வந்து என் தலையைத் தூக்கித் தண்ணீர் தந்தார். குடித்தேன்.

எழும்பி நடமாடத் தொடங்கிய பிறகு, மாசியின் மகளுக்கும் எனக்கும் முற்றத்தில் ஒரு சண்டை. எதற்கென்று மறந்துவிட்டது. எதற்காக இருந்தாலும் எங்கள் சண்டை எல்லாம் ஒரே சண்டைதான். கையில் வேறு ஆயுதம் இல்லாதபோது அவள் அதை எடுத்து வீசினாள். காய்ச்சலில் நான் பேசியது முழுக்கக் கச்சியாம். அவள் பேசமாட்டாளே தவிர எல்லாம் விளங்கும். நான் அவளுடைய அம்மாவை, அவள் கூப்பிடுவதுபோல, மா என்று கூப்பிட்டேனாம். மா, இங்கே வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கீழே அனுப்பாதே, கீழே யாரோ ஒரு பெண் இருக்கிறாள், எனக்கு அவள் வேண்டாம் என்று சொன்னேனாம்.

"என்ன கேட்கிறாள் என்று உன் அம்மா கேட்டா. தண்ணீர் கேட்கிறாள் என்று என் அம்மா பொய் சொன்னா. உனக்காக என் அம்மா பொய் சொன்னா" என்றாள்.

அவளுக்குத் தன் அம்மா பொய் சொன்னதுதான் தாங்கமுடியவில்லை. எனக்கோ பெரிய நிம்மதி வந்தது. நல்லவேளை, அம்மாவுக்குக் கச்சி தெரியாது. தண்ணீர் என்று நம்பிவிட்டார். மாசிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைக் கள்ளத்தனமாகப் பார்த்தேன். வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். சாப்பிட வா குஞ்சு என்றார். அன்று போய்ச் சாப்பிட்டேன். பயம் தெளிந்த பசி. பிறகு மெல்ல மெல்லக் கீழ்வீடு என் வீடானது. சண்டையும் சமாதானமும் தமிழில் வரத் தொடங்கின. நான் பெரிய வகுப்புக்குப் போன காலத்தில் மாசி குடும்பம் லெஸ்டருக்கே போய்விட்டது. படிக்கட்டில் நின்று எல்லோரும் அச்ஜோ சொன்னோம்.

சென்ற வருடம், நான் இப்போது இருக்கும் ஓல்போர்க்கில் இருந்து அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். என்னிடம் வீட்டுத் திறப்பு இருக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே போனபோது சமையலறையில் அம்மா கைத்தொலைபேசியைத் தேயிலைப் பேணியில் சாய்த்துவைத்து, கீரை ஆய்ந்துகொண்டு, யாரோடோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் மாசி. பல்லெல்லாம் போய், தலை வெளுத்து, அதே குரல். அம்மா பேசியது கச்சி. திக்காமல், நின்று யோசிக்காமல், என்னைவிட நன்றாக. நான் பாதி மறந்துவிட்ட சொற்களையெல்லாம் கீரைத்தண்டு முறிப்பதுபோல முறித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இந்த வயதிலும் முதலில் வந்தது பழைய வயிற்றெரிச்சல்தான். அது என்னுடைய பாஷை.

அவர்கள் அச்ஜோ சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.

"எப்ப பழகினனீங்கள்?" என்று கேட்டேன்.

"வந்த புதுசிலை. நீ பள்ளிக்கூடம் போனாப் பிறகு மேலை போய் இருந்து பழகினனான்."

"சமையல் பழக வாறீங்கள் எண்டெல்லோ மாசி சொன்னவ."

"எனக்குச் சமைக்கத் தெரியாதோ?" என்று அம்மா சிரித்தார். பிறகு கீரையைப் பார்த்தபடி சொன்னார். "என்ர பிள்ளை ஒரு பாஷையிலை வாய் ஓயாமல் கதைச்சுச் சிரிக்குது. கீழை வந்தா ஓம், இல்லை. மேலை என்ன கதைக்கிறாய் எண்டு எனக்குத் தெரிய வேண்டாமோ? புத்தகம் இருந்தால் பாத்துப் பழகியிருப்பன். அது ஆளிட்டை இருந்தெல்லோ பழகவேணும்."

"டேனிஷ் பழக முதலோ?"

"அதுக்கு முதலே. பனி தொடங்க முதலே எனக்கு முழுக்க விளங்கும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு கழுவ எழுந்தார். நான் காய்ச்சலில் கிடந்த அன்று அவர் மேலே ஏறிப் போய் மாசியைக் கூட்டிவந்தது, நான் பேசுவது விளங்காததால் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நான் யாரைக் கூப்பிட்டேனோ அவரைத்தான் அம்மா கூட்டிவந்திருக்கிறார், அந்தக் காலை வைத்துக்கொண்டு படியேறி. அவருக்கு விளங்கும் என்று தெரிந்த மாசி ஆங்கிலத்தில் சொன்ன தண்ணீர்ப் பொய்யும் பிள்ளைகள் எங்களுக்காக இருவரும் சேர்ந்து ஆடிய நாடகம்தான்.

அம்மா குழாயைத் திறந்தார். சட்டி நிறைந்ததும் உடனே பூட்டினார். இன்றைக்கும் ஒரு துளி வீணாக ஓடவிடமாட்டார். அன்று மட்டும், சமையலறையில் வேறு ஒரு சத்தமும் வெளியே கேட்காதபடி, அது அவ்வளவு நேரம் ஓடியது. கட்டிலில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நினைத்தது நினைவிருக்கிறது: எந்தப் பக்கம் திருப்பினால் குளிர் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியவில்லை.